ஐஸ்பெட்டி ரிவிட்

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். இந்தக் குருவுக்கு வயது நாற்பது, பெயர் எஸ்தர். சீடர் சென்னியப்பனுக்கோ அறுபது தாண்டிவிட்டது. கரூரில் காலமெல்லாம் பஸ்ஸுக்குக் கூடு கட்டியவர். சூலூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் பழைய போர் விமானம் ஒன்றை எஸ்தர் செப்பனிடுகிறார் என்று கேள்விப்பட்டு, "எனக்கும் சொல்லிக் குடுங்க அம்மணி" என்று வந்து நின்றார்.

அன்று இறக்கைக்கு ரிவிட் ஆணி அடித்துத் தகடு பூட்டும் வேலை. வாட்ச்மேன் எட்டிப் பார்த்துச் சென்னியப்பனைக் கூப்பிட்டார்.

"அண்ணா, பீர் முகமதுன்னு ஒருத்தர் கேட்டுல நிக்கறாருங்க. நீங்க விமானத்துக்கு ரிவிட் அடிக்கறீங்கன்னு கேள்விப்பட்டு, பார்க்கோணும்னு வந்தாராம்."

சென்னியப்பன் முகம் செத்துப்போயிற்று.

பீர் அவருடைய ஜோடி. தகட்டுக்கு வெளியே நின்று இவர் அடிக்க, உள்ளே உட்கார்ந்து இரும்புக் கட்டையால் அணை கொடுத்தவர். ஒரு மழையில் அவர்கள் கட்டிய பஸ் ஒன்று ரிவிட் சரியாக அமுங்காமல் ஒழுகிவிட்டது. பட்டறையே பார்த்திருக்க, "கை நடுங்கற ஆளுக்கு இங்கென்ன வேலை?" என்று கேட்டுவிட்டார் இவர். பீர் சட்டையை மாட்டிக்கொண்டு போனவர்தான். எத்தனையோ வருஷம் ஆயிற்று. பாவி மனுஷன், அப்படிக் கேட்டிருக்கவே கூடாது. அது சென்னியப்பனுக்கும் தெரியும்; எஸ்தரிடம் ஒரு நாள் சொல்லியும் இருக்கிறார்.

"இன்னொரு நாள் வரச் சொல்லிப்போடுங்க" என்றார் வாட்ச்மேனிடம்.

"ஏண்ணா, போய்ப் பாருங்களேன்" என்றார் எஸ்தர்.

"கொஞ்சம் ஆறட்டும் அம்மணி."

"இன்னுமா ஆறல?"

"அவரு மனசுல இருக்குமில்லீங்க. நாம நோண்டாம விட்டுட்டா தானா ஆறிரும்."

எஸ்தர் வாதாடவில்லை. "அவரை உக்கார வெச்சு ஒரு டீ வாங்கிக் குடுங்க" என்று வாட்ச்மேனை அனுப்பினார். பிறகு ஐஸ்பெட்டியைத் திறந்து இரண்டு ரிவிட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நாமளும் டீ குடிச்சுட்டு வந்து அடிக்கலாம், வாங்கண்ணா."

டீயோடு விட்டாரா எஸ்தர்? மகள் பள்ளிக்கூடத்தில் அடிக்கும் லூட்டியெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். சென்னியப்பன் சிரித்தார், ஆனால் கண் கேட்டுப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது வெயில் ஏறிவிட்டது.

"இறக்கையில வேண்டாம். இந்தத் துண்டுத் தகட்டுல அடிங்க."

சென்னியப்பன் மேஜைமேல் இருந்த ஒரு ரிவிட்டைச் செருகி அடித்தார். அமுங்க வேண்டிய முனை ஓரமெல்லாம் வெடித்துக்கொண்டது.

"என்ன அம்மணி இது? நேத்து வெண்ணெயாட்டம் அமுங்குச்சு. மட்டமான சரக்குங்களா?"

"நல்ல சரக்குத்தாண்ணா. ஐஸ்ல இருக்கற வரைக்கும் இளக்கமா இருக்கும். எடுத்த கையோட அடிச்சிரணும். விட்டுட்டா தானா இறுகிரும்."

சென்னியப்பன் சுத்தியலைக் கீழே வைத்தார். மிச்சமிருந்த ரிவிட்டை எடுத்து விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப இது குப்பைக்குத்தானுங்களா?"

"ஏன்? இறுகித்தானே போச்சு, உடையலையே. திரும்ப உலையில வெச்சா இளகிரும்."

அவர் எழுந்தார். கொட்டகை வாசல்வரை போனார். அங்கிருந்து பார்த்தால் கேட்டோரம் பீர் தெரிந்தார். இரண்டு கையாலும் டீ கிளாஸைப் பிடித்திருந்தார், அப்படியும் அது ஆடியது. சென்னியப்பன் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சுடுமே அம்மணி" என்றார், திரும்பாமல்.

"சுடத்தாண்ணா செய்யும். சுடாம எப்படி இளகும்?"