பேச்சி சொன்ன நையாண்டி

மருதங்குளம் ஜமீன்தார் தான் எழுதிய பாட்டை ஏட்டைப் பார்த்துச் சபையில் உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். வெற்றிலைத் தட்டு ஏந்தி நின்ற பணிப்பெண் பேச்சி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

ஜமீன்தாருக்கு மீசை துடித்தது. “நையாண்டியா பண்றே? அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியுமா உனக்கு? சபையிலே சொல்லு. என்னைக் குறைச்சு ஒரு வார்த்தை வந்தாலும் உன் வேலை போச்சு!”

பேச்சி அசரவில்லை. “குறை சொன்னா அதுக்குப் பேரு திட்டு, எசமான். நையாண்டியிலே புகழ்ச்சி மட்டுந்தான் இருக்கும்.”

“எங்கே, ஒண்ணு சொல்லு பார்ப்போம்.”

“எசமான் பாட ஆரம்பிச்சா செத்தவனும் எந்திரிச்சு ஓடுவான்!”

சபை குலுங்கிச் சிரித்தது. ஜமீன்தார் அந்தப் புகழ்ச்சிக்குள் திட்டைத் தேடித் தேடிப் பார்த்தார். ஒரு சொல்லும் சிக்கவில்லை. பேச்சியின் வேலை தப்பியது. அன்று மூடிய ஏட்டை ஜமீன்தார் அப்புறம் திறக்கவே இல்லை.