குழந்தைவேலுவின் பெட்ரோல் மூடி

சென்னியப்பன் தன் தம்பி குழந்தைவேலுவை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவன் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் மூடியைத் திறந்து ஒற்றைக் கண்ணால் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்த்துவிட்டு மூடியைப் பூட்டினான். அதே சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினான்.

அன்று காலையில்தான் தறியை ஓடவிட்டுவிட்டு டீக்கடைக்குப் போய் உட்கார்ந்திருந்தான். தறியில் பாவு நூல் முழுவதும் அறுந்து தொங்கியது. சென்னியப்பன் வாசலில் நின்றபடி சொன்னார்:

"நீ இருந்தென்னடா, போயென்ன."

குழந்தைவேலு கியரைப் போட்டான். வண்டி தெருமுனை திரும்பியது.

சாயங்காலம் வண்டி அணைக்கரையில் தனியாக நின்றது. மறுநாள் அவன் மிதந்தான். சட்டைப் பையில் நனைந்த பீடிக்கட்டு இருந்தது. சாவி கிடைக்கவில்லை.

முதல் வருஷத் திதியான தலைத்தெவசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சென்னியப்பன் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு கல்குழி அம்மாவிடம் போனார். வழி நெடுக உரக்கப் பாடிக்கொண்டே போனார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

பாறை உடைத்துக் கைவிட்டுப்போன பெரிய குழி அது. அடியில் பச்சைத் தண்ணீர். அதன் விளிம்பில், ஒரு தகரக் கொட்டகையில் அந்த அம்மா இருந்தாள். நாற்பது வயதுகூட இருக்காது. மூத்தவர்களையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். சென்னியப்பன் பல வருஷமாக அமாவாசைதோறும் அவளிடம் போய் உட்கார்ந்திருந்தார். கேட்பவர்களிடம் தன் குரு என்றார். அவளைக் கேட்டால், "எங்க பாறையில ஒண்டிக்கிற ஆளு" என்பாள்.

அவர் போன நேரம் அவள் ஒரு கூழாங்கல்லைக் குழிக்குள் போட்டுவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் மேலே வரவேயில்லை.

"இந்த மூடியைத் திறந்து குடுக்கோணுமுங்கம்மா."

"சாவி?"

"தண்ணிக்குள்ள போயிருச்சுங்க."

"நான் என்ன பூட்டுக்காரியா?"

"பூட்டுக்காரன் ஓடிப்போயிட்டானுங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சந்தைப்பேட்டையில சாவி போடறவன். புதுச் சாவியை அரத்தால ராவிட்டே இருந்தானுங்க. உச்சி வேளை. உள்ளேருந்து தட்டற சத்தம் கேட்டுது. காதை டேங்க் மேல வெச்சுக் கேட்டான். அரத்தைக்கூட எடுக்கலீங்க, எந்திரிச்சுப் போனவன் திரும்பி வரலை."

"அப்புறம்?"

"மெக்கானிக் ஒருத்தன் டிரில்லு வெச்சு ஓட்டை போட்டுத் திறக்கறேன்னான். வெயில்ல தகரம் விரியற சத்தம்தான், பயப்படாதீங்கன்னான். நான்தான் கையைப் புடிச்சுக்கிட்டேன்."

"ஏன்?"

"உள்ளே கொழந்தைவேலு இருக்கறான்லீங்க."

அவள் சிரிக்கவில்லை. கொட்டகை நிழலில் தண்ணீர்ப் பானையைக் காட்டினாள். அவர் குடித்துவிட்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"திறந்து என்ன பாக்கப் போற?"

"பெட்ரோல் இருக்குதா இல்லையான்னு."

"அதுல என்ன இருக்கு?"

சென்னியப்பன் துண்டு நுனியால் மூடியைத் துடைத்தார்.

"டேங்க் காலியா இருந்தா, வழியில பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்னிருக்குங்க. தண்ணி குடிக்க எறங்கியிருக்கான், வழுக்கியிருக்கு. அவ்வளவுதான். பெட்ரோல் இருந்துதுன்னா..."

"இருந்துதுன்னா?"

"அவனா நிறுத்தியிருக்கான்."

அவள் இன்னொரு கல்லை எடுத்துப் போட்டாள்.

"தெவசத்தன்னிக்கு இலை போட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடோணுமுங்க. வழுக்கி விழுந்தவன்னா வருவான். எஞ்சொல்லு பொறுக்காம போனவன்னா, நாங்கூப்பிட்டா வருவானுங்களா?"



வெயில் உச்சிக்கு ஏறியது. வண்டியின் நிழல் சக்கரங்களுக்கு அடியில் சுருண்டு படுத்தது. குழிக்குள் சதா கத்திக்கொண்டிருக்கும் மைனாக்கள் ஓய்ந்தன. காற்று நின்றது. தண்ணீரின் பச்சை கண்ணாடிபோல இறுகியது.

டொக்.

சாத்திய கதவை விரல் முட்டியால் தட்டுவதுபோல. டேங்குக்குள்ளிருந்து.

"கேட்டீங்களாம்மா?"

"கேட்டுது."

அவள் எழுந்து வந்தாள். முட்டியை மடக்கி டேங்கை ஒரு தரம் தட்டினாள்.

அசைவில்லை. பிறகு உள்ளிருந்து, டொக்.

அவள் இரண்டு தரம் தட்டினாள்.

உள்ளிருந்தும் இரண்டு.

அவள் பக்கத்து வீட்டிலிருந்து யாரோ குரல் கொடுத்த மாதிரி தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

"ஆள் இருக்கு" என்றாள். "இத்தனை மாசமா தட்டறான். நீ ஒருக்கா திருப்பித் தட்டினியா?"

"இல்லீங்க."

"வாசல்ல வந்து தட்டறவனுக்குப் பதில் குடுக்காம, பூட்டுக்காரனைத் தேடி ஊர் ஊராப் போயிருக்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏஞ்சென்னியப்பா, மூடியைத் திறக்காம உள்ளே இருக்கறதைத் தெரிஞ்சுக்க வழியே இல்லையா?"

"இருக்குதுங்க."

"என்ன வழி?"

"அடியில டியூப்பைப் புடுங்கினா, இருந்தா ஊத்தும், இல்லைன்னா இல்லை. அந்த மெக்கானிக்கும் அதைத்தாஞ் சொன்னானுங்க."

"நீ என்ன சொன்ன?"

"வண்டியைத் தள்ளிட்டு வந்துட்டேன்."

"சரி. இங்க தள்ளிட்டு வந்தியே, மேடு பள்ளமா. உள்ளே ஏதாச்சும் ஆடற சத்தம் கேட்டுதா?"

"கேக்கலீங்க."

"ஏன் கேக்கலை?"

"பாடிட்டு வந்தேனுங்க."

"அஞ்சு மைலும்?"

"அஞ்சு மைலும்."

"உம்பாட்டைக் கேட்டிருக்கேன்" என்றாள் அவள். "தட்டாம அவன் என்ன பண்ணுவான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறொன்றாகி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் காத்திருந்தாள். துண்டு இறங்கியதும் ஒரு கொட்டாங்குச்சியை அவர் பக்கம் உருட்டிவிட்டாள்.

"புடுங்கு."

சென்னியப்பன் வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். குனிந்து டேங்குக்கு அடியில் கையை விட்டார். டியூப்பைத் தேடிய விரல் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பின் கைப்பிடியில் இடித்தது.

அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன?"

"டேப்பு மூடியிருக்குதுங்கம்மா."

"மூடியிருந்தா?"

"பெட்ரோல் தீர்ந்து நிக்கற வண்டியில யாரும் டேப்பை மூடமாட்டாங்க. ரிசர்வுக்குத் திருப்பித்தான் உதைச்சுப் பாப்பாங்க."

"வேற யாராச்சும் மூடியிருப்பாங்க. அணைக்கரையிலிருந்து வண்டியை டெம்போவுல ஏத்திட்டு வந்தவங்க."

"முடியாதுங்க. இதுல மரை போயிருச்சு. கட்டை வெரலால மேல அழுத்திக்கிட்டுத் திருப்போணும். எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும்."

"நீ மூடியிருப்ப."

"அன்னையிலிருந்து நான் இதுங்கிட்டக் குனியவே இல்லீங்க."

குழிக்குள் தண்ணீர் அசையாமல் இருந்தது.

"அப்ப அவனாத்தான் நிறுத்தியிருக்கான்" என்றார் சென்னியப்பன். குரல் சாதாரணமாக இருந்தது. "நிறுத்தி, எறங்கி, குனிஞ்சு டேப்பை மூடிட்டுப் போயிருக்கான்."

"தினமும் மூடுவானா?"

"ஒரு நாளும் மூடமாட்டானுங்க. வந்தா வண்டியை அப்படியே நிறுத்திட்டுப் போயிருவான். கார்புரேட்டர் ஒழுகும். டேப்பு திறந்து கிடந்துதுன்னா விடியறதுக்குள்ள அத்தனையும் மண்ணுல போயிரும். பொழுதானா நாந்தான் வந்து குனிஞ்சு மூடுவேன். மூடிட்டு அவனைத் திட்டுவேன்."

"திட்டினா என்ன சொல்லுவான்?"

"'அதான் நீ மூடறயே'ம்பான்."

அந்த அம்மா எழுந்து வந்து அவருக்கு எதிரே, வண்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். டேங்குக்கு அடியில் இருவர் முகமும் ஒன்றையொன்று பார்த்தன.

"தண்ணிக்குள்ள போறவனுக்குப் பெட்ரோல் ஒழுகினா என்ன, ஒழுகாட்டி என்ன?"

அவர் விரல் டேப்பின் கைப்பிடியைத் தடவியது.

"யாருக்கு மிச்சம் புடிச்சு வெச்சான்?"

"சாவியை எடுத்துட்டுப் போயிட்டானுங்களே" என்றார் அவர். "பெட்ரோலை வெச்சு நான் என்ன பண்ண? சாவியில்லாம வண்டியை எப்பிடி எடுப்பேன்?"

"மறந்திருப்பான். எதைச் செஞ்சாலும் அரைகுறைன்னு நீதானே சொல்லுவ."

சென்னியப்பன் பாறைமேல் நெற்றியை வைத்தார். பாறை கொதித்தது. அவர் எடுக்கவில்லை.

"அண்ணன் வந்து வண்டியை எடுப்பான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் அவள். "கூப்பிட்டாத் தம்பி வருவானான்னு உனக்குத்தான் தெரியலை."

வெகுநேரம் கழித்து அவர் நிமிர்ந்தார். முட்டியை மடக்கி டேங்கை ஒரு தரம் தட்டினார்.

உள்ளிருந்து பதில் வரவில்லை. மைனா ஒன்று கத்தியது.

அவர் டியூப்பைப் பிடுங்கினார். கொட்டாங்குச்சியை அடியில் பிடித்தார். கட்டைவிரலால் கைப்பிடியை மேலே அழுத்தித் திருப்பினார்.

டேங்கில் பாதிக்குமேல் பெட்ரோல் இருந்தது.