ரெண்டு தொப்பிக்காரரும் கோட்டைக் கதவும்

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாரு. அதே ஊர்ல ஒரு பிஷப்பும் இருந்தாரு. ரெண்டும் ஒரே ஆளு. சிரிக்காத, நிசம்தான். கடலுக்கு அந்தாண்ட, பனி கொட்டுற சீமையில, அந்தக் காலத்துல அப்படி ஒரு வழக்கம். காலையில கூரான தொப்பிய மாட்டிக்கிட்டு, வளைஞ்ச கோலைப் பிடிச்சுக்கிட்டு, கோயில்ல பூசை வைப்பாரு. மத்தியானம் அதைக் கழட்டிட்டுக் கிரீடம் வச்சு, இடுப்புல வாளைச் செருகிக்கிட்டு, நாட்டை ஆளுவாரு. தலை ஒண்ணு, தொப்பி ரெண்டு. கேக்குறியா? ம்.

அந்த ஊர்க் கோட்டைக் கதவுக்குக் காவல்காரன் கோன்ராது. பேருக்குத்தான் காவல். ரெண்டு வருசமா மார்ச்சளி, கதவுக்கு மேல இருக்கிற அறையில படுத்த படுக்கை. லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டே கிடப்பான். சாவிக்கொத்து அவன் பொண்டாட்டி ஓதிலி இடுப்புல. சின்ன வயசுல முட்டைக் கூடையைத் தலையில வச்சு ஊர் ஊரா வித்தவ. எவன் சொல்லுக்கு என்ன விலைன்னு முகத்தைப் பாத்தே சொல்லிருவா. கோவம் மட்டும் மூக்கு நுனியில நிக்கும். நிக்காம என்ன செய்யும்? நடந்ததைக் கேளு.

ஊருக்கு வெளிய பெரிய காடு. அங்க விழுந்து கிடக்கிற சுள்ளியும் கிளையும் ஊர்க்காரங்களுக்கு. அது பாட்டன் பூட்டன் காலத்து உரிமை. புது பிஷப் வந்தா கோட்டைக் கதவைச் சாத்திருவாங்க. "உங்க உரிமையில கை வைக்க மாட்டேன்"னு அவரு வெளிய நின்னு சத்தியம் பண்ணணும். அப்புறம்தான் கதவு திறக்கும். போன பிஷப்பும் கோலைத் தொட்டு அழகா சத்தியம் பண்ணாரு. உள்ள வந்தாரு. ஒரு மாசம்கூட ஆகல, தான் மான் வேட்டையாடணும்னு காட்டைச் சுத்தி வேலி கட்டிப் பூட்டைப் போட்டுட்டாரு.

ஊர்ப் பெரிய மனுசங்க ஏழு பேரு போய்க் கேட்டாங்க. சத்தியம் பண்ணது பிஷப், பூட்டுனது ராசா, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டாராம் அந்த மனுசன். இவங்களும் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆட்டிட்டுத் திரும்பி வந்துட்டாங்க. ஏழு பேரு. ஒருத்தன் வாயிலேருந்து ஒரு வார்த்தை வரல. ஓதிலிக்கு வயிறு எரிஞ்சுது.

அப்புறம் ரெண்டு பனிக்காலம். விறகு இல்ல. ஜனங்க முதல்ல ஏணிய எரிச்சாங்க, அப்புறம் கட்டிலை எரிச்சாங்க, பிள்ளைங்க தூங்கின தொட்டிலையும் எரிச்சாங்க. மூணாவது பனிக்காலத்துக்கு எரிக்க ஒண்ணும் மிச்சம் இல்ல. இந்தக் குளிரும் அடுப்பு இல்லாமப் போச்சுன்னா கோன்ராது பிழைக்க மாட்டான்னு வைத்தியரு சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்த நேரத்துல அந்தப் பழைய பிஷப் செத்துப் போனாரு. புதுசா ஒருத்தரு வந்தாரு. பேரு தீத்மார். தூங்கிட்டியா? ம்.

அன்னிக்கு மழையும் பனியும் கலந்து சளசளன்னு கொட்டுது. அறுபது குதிரை தடதடன்னு வந்து கதவுக்கு வெளிய நின்னுச்சு. டொம், டொம், டொம். தீத்மார் வாளோட பிடியால தட்டுறாரு.

ஓதிலி கதவுல இருக்கிற சின்ன ஓட்டை வழியாப் பாத்தா. "யாரு?"

"இந்த நாட்டு ராசா. கதவைத் திற."

"திறக்கிறேன் ராசா. காட்டைத் திறந்து விடுறேன்னு சத்தியம் பண்ணுங்க."

ராசா சத்தியம் எல்லாம் பண்ண மாட்டாராம், உத்தரவுதான் போடுவாராம். சாமி பேரைச் சொல்லிச் சத்தியம் பண்றது பிஷப் வேலையாம். அப்படின்னா பிஷப்பைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டு, ஓதிலி ஓட்டையோட பலகையைப் படக்னு சாத்திட்டா.

அவரு குதிரைக்குப் பின்னாடி போயி, அந்த மழையில கிரீடத்தைக் கழட்டி, கூரான தொப்பிய மாட்டிக்கிட்டுத் திரும்பி வந்தாரு. இந்தத் தடவை கோலால தட்டுறாரு, பூ மாதிரி. டொக், டொக், டொக்.

"மகளே, நான் பிஷப் வந்திருக்கேன்."

"வாங்க சாமி. காட்டைத் திறந்து விடுவேன்னு கோலைத் தொட்டுச் சொல்லுங்க."

"காடு ராசாவோடது மகளே. பிஷப்புக்கு ஏது காடு? பிஷப்புகிட்ட செபம்தான் இருக்கு."

பாத்தியா அந்த வாயை? முட்டை வியாபாரத்துல இப்படிப் பேசினா கூடையைத் தலையில கவுத்துருவாங்க. ஓதிலிக்குக் காது ரெண்டும் சூடாயிருச்சு. அவ பட்டது போதாதுன்னு, ஊர்ப் பெரிய மனுசங்கள்ல மூத்தவரு வால்தர் பின்னாடி வந்து நின்னுக்கிட்டு அவ போர்வையைப் பிடிச்சு இழுக்கிறாரு.

"ஏம்மா ஓதிலி, பெரியவரு நனையுறாரே. அரண்மனையில வாத்து வறுத்து வச்சிருக்கு, ஆறிப் போயிரும்."

வாத்து வறுக்க விறகு ஏதுன்னு ஓதிலி கேட்டா. வால்தர் தன் செருப்பையே பாத்தாரு. ஊர்ச்சபை பெஞ்சு ஏழையும் உடைச்சு அடுப்புல வச்சிருக்காங்க. ஊரு குளிர்ல விறைக்கும்போது உடைக்காத பெஞ்சு, வாத்துக்கு உடைஞ்சிருக்கு.

மேலேருந்து கோன்ராதோட குரல், "அடியே, திறந்து விட்டுரு... லொக்கு லொக்கு... நமக்கு எதுக்கு வம்பு." வெளிய ஒருத்தன் ஏய்க்கிறான், உள்ள ஏழு பேரு பயப்படுறாங்க, யாருக்காக இவ்வளவும் பேசுறாளோ அவனே திறந்து விடுங்கிறான். அவ யார்கிட்டதான் போயி முட்டிக்குவா?

அப்போதான் அவளுக்கு ஒண்ணு தோணுச்சு.

அந்தப் பெரிய கதவுக்குள்ளயே ஒரு சின்னக் கதவு உண்டு. திட்டிவாசல்னு பேரு. ஒரு ஆளு, அதுவும் குனிஞ்சுதான் நுழையலாம். குதிரை நுழையாது. ஓதிலி அதைத் திறந்தா, கிரீச்.

"பிஷப் மட்டும் உள்ள வாங்க சாமி. செபத்துக்கு யாரு தடை சொல்லுவா? ராசா சத்தியம் பண்ணல, அவரு வெளிய நிக்கட்டும்."

தீத்மார் யோசிச்சாரு. தாடியில பனி. வயித்துல பசி. உள்ள போயிட்டா அப்புறம் பாத்துக்கலாம்னு நினைச்சாரு. வாளையும் கிரீடத்தையும் படைத்தலைவன் கையில குடுத்துட்டு, கோலோட குனிஞ்சு உள்ள வந்தாரு. பின்னாடியே தாழ்ப்பாள், டக்.

நேரா அரண்மனைக்கு நடந்தாரு. வாத்து வாசனை வேற வருது. ஓதிலி குறுக்க வந்து நின்னா.

"இது ராசா வீடு சாமி. ராசா வெளிய இருக்காரு."

"ஏம்மா, நான்தான் ராசா."

"இல்ல சாமி. பிஷப் வேற ராசா வேறன்னு இப்பத்தான் நீங்களே சொன்னீங்க. ஊரே கேட்டுச்சு."

கூடி நின்ன ஜனங்க களுக்குன்னு சிரிச்சாங்க. வால்தர்கூட வாயைப் பொத்திக்கிட்டாரு. தீத்மார் கோட்டைக் கதவுகிட்டயே திரும்பி வந்து, கதவை உடைங்கடான்னு படைத்தலைவனுக்குக் கேக்குற மாதிரி கத்துனாரு. படைத்தலைவன் வெளியேருந்து கேட்டான், இது யாரு உத்தரவுன்னு. உத்தரவு போட ராசாவாலதான் முடியும், உள்ள இருக்கிற பிஷப்புகிட்ட செபம்தான் இருக்குன்னு ஓதிலி ஓட்டை வழியாப் பதில் சொன்னா. அவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னான். ம்? இன்னும் முழிச்சிருக்கியா? சரி.

பிஷப்புக்குன்னு கோயிலை ஒட்டி ஒரு கல் அறை உண்டு. ஓதிலி அவரை அங்க கொண்டு போயி விட்டா. அடுப்பு இருக்கு, விறகு இல்ல. ஒரு கிண்ணம் கஞ்சி குடுத்தா, பச்சைத் தண்ணி மாதிரி ஜில்லுனு இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல அவருக்குப் பல்லு கடகடகடன்னு அடிச்சுக்குது. விறகு கொண்டான்னாரு.

"காட்டுல இருக்கு சாமி. ராசா பூட்டி வச்சிருக்காரு. போயிக் கேளுங்க, உங்களுக்கு ரொம்ப வேண்டியவருதானே."

கல் அறையில இருக்க முடியல. நடுங்கிக்கிட்டே கதவுக்கு மேல இருக்கிற அறைக்கு ஏறி வந்தாரு. அங்கேயும் அதே குளிர்தான். கோன்ராது இருமிக்கிட்டே எழுந்து உக்காந்தான். இருந்தது ஒரே ஒரு கம்பளி. அதை எடுத்து அவரு தோள்ல போத்தி விட்டான்.

"நீங்க... லொக்கு லொக்கு... தூர தேசத்துலேருந்து வந்தவரு சாமி. எனக்குப் பழகிருச்சு."

ஓதிலிக்கு வந்த ஆத்திரத்துல சாவிக்கொத்தையே அவன் தலையில போட்டிருப்பா. வாய் வரைக்கும் வந்த வசவை முழுங்கிட்டுத் திரும்பினா. தீத்மார் கம்பளியைப் பிடிச்சுக்கிட்டு அந்த இருமலைக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. லொக்கு. லொக்கு. லொக்கு. அவரு முகத்துல என்னமோ இறங்கிப் போச்சு. கூரான தொப்பியைக் கழட்டிக் கட்டில்மேல வச்சாரு. கோலைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு விடுவிடுன்னு படி இறங்கினாரு.

டொம். டொம். டொம்.

இந்தத் தடவை கதவை உள்ளேருந்து தட்டுறாரு. வெறுங்கையால.

வெளிய படைத்தலைவன் கேட்டான், "யாரு?"

"நான்தான்."

"எந்த நானு?"

தீத்மார் ஓதிலியைப் பாத்தாரு. அவரு பெருமூச்சு விட்டாரு. வாளைத் திட்டிவாசல் வழியா உள்ள குடுக்கச் சொன்னாரு. ஒரு கையில வாளு, ஒரு கையில கோலு.

"காட்டுச் சுள்ளியும் கிளையும் ஊருக்கு. பிஷப் சொல்றேன், ராசாவும் சொல்றேன், ரெண்டும் நான்தான்."

வால்தர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, திறம்மா, அதான் சொல்லிட்டாரேன்னாரு. அடப் போய்யா. சொல்லை நம்பிக் கூடையை இறக்கினவளா ஓதிலி?

"சத்தியம் நல்லாத்தான் இருக்கு ராசா. காட்டுப் பூட்டோட சாவி எங்க?"

சாவி படைத்தலைவன் இடுப்புல இருந்துச்சு. திட்டிவாசல் வழியா வந்துச்சு. ஓதிலி அதைத் தன் கொத்துல கோத்து, ஆட்டிப் பாத்தா. ஜல் ஜல். அப்புறம் அந்த ஒரு சாவியை மட்டும் கழட்டி, பூட்டைத் திறந்துட்டு வாங்கன்னு வால்தரைத் திட்டிவாசல் வழியா அனுப்பிட்டு, ராசாகிட்ட, உங்க ஆளுங்க போயி முதல் வண்டி விறகைக் கொண்டு வரட்டும், வண்டி முன்னாடி நுழையட்டும், குதிரைங்க அது பின்னாடி வரட்டும்னா. அப்படியே நடந்துச்சு. அறுபது குதிரையும் ஒரு விறகு வண்டிக்குப் பின்னாடி வரிசையா வந்துச்சு. பெரிய கதவு கிரீரீச்னு திறந்துச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் கதவுக்கு மேல இருக்கிற அறையில நெருப்பு சடசடன்னு எரிஞ்சுது. வாத்து ஆறிப்போயி ரப்பராட்டம் ஆயிருந்துச்சு, தீத்மார் அந்த நெருப்புப் பக்கத்துல உக்காந்துதான் அதைத் தின்னாரு. தலையில ரெண்டு தொப்பியும் இல்ல. கிளம்பும்போது கம்பளியோடவே எழுந்துட்டாரு. ஓதிலி வாசல்ல நின்னு கையை நீட்டினா.

"கம்பளி எங்க வீட்டுது சாமி."

குடுத்துட்டுப் போனாரு. அவ அதைக் கோன்ராதுக்குப் போத்திவிட்டா. அவன் ஒரு லொக்கு இருமினான். அப்புறம் ஒரு சின்ன லொக்கு. மூணாவதுக்கு அவ காத்துக்கிட்டே இருந்தா. வரல. லேசா குறட்டை விட்டுத் தூங்கிப் போயிருந்தான்.

அம்புட்டுதான். கதையைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாச்சு, நீயும் கண்ணைச் சாத்து.