இடது பின் மூலை

தையல்நாயகிக்குச் சர்க்கரை இருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். அவள் நடந்து நடந்து, தான் வேலை பார்த்த ஆலையின் கிளப்பில் இருந்த ஸ்குவாஷ் அறைக்குள் போய்விட்டாள். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது.

நாலு சுவர், கையில் மட்டை, ஒரு கறுப்பு ரப்பர் பந்து. பந்து இரண்டாம் முறை தரையைத் தொடுவதற்குள் அடித்து, முன்சுவரில் பட வைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

கற்றுக்கொடுத்தவர் எபனேசர். அவளைவிட வயதில் சிறியவர். அவள் அவரை மாஸ்டர் என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

ஒரு நாள் அவள் கேட்டாள்.

“தினமும் வர்றேன் மாஸ்டர். வேர்க்க வேர்க்க ஆடுறேன். ஆனா போன தீபாவளிக்கு எப்படி ஆடினேனோ, அப்படியேதான் இருக்கேன். ஏன்?”

“இடது பின் மூலையில நின்னு பழகுங்க.”

“அங்க வர்றதைத்தான் எடுத்துடுறேனே!”

அவள் எடுப்பது உண்மை. பந்து இடது பின் மூலைக்குப் போனால் அவளுக்கு மட்டை பிடித்த வலது கை குறுக்கே வராது. அதனால் திரும்பி நின்று, பின்பக்கக் கண்ணாடிச் சுவரிலேயே ஓங்கி அடிப்பாள். பந்து தலைக்கு மேல் வளைந்து பறந்து, எப்படியோ முன்சுவரைத் தொட்டுவிடும். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவர்கள் திடுக்கிட்டுப் பின்வாங்கி, பிறகு கை தட்டுவார்கள். அப்படி மெதுவாக வரும் பந்தை எதிராளி நிதானமாக அடித்துப் புள்ளி எடுத்துக்கொள்வதை யாரும் கவனிப்பதில்லை. அவளும் கவனித்ததில்லை.

“எடுக்கறீங்க. இருந்தாலும் பழகுங்க” என்றார் எபனேசர்.

அவள் பழகவில்லை. வலது பக்கம் நின்று, நன்றாக வரும் அடியையே இன்னும் நன்றாக அடித்தாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும்.

மதுரையில் கிளப்புகளுக்கான போட்டி வந்தது. பெண்கள் அணியில் ஓர் இடம்தான் மீதி. அதற்குத் தையல்நாயகியும் தரப்பரிசோதனைப் பிரிவு ரெஜினாவும் ஆட வேண்டும். ஐந்து ஆட்டத்தில் முதலில் மூன்றை ஜெயிப்பவர் மதுரைக்குப் போவார்.

பள்ளிக்கூடத்தில் கோகோ அணிக்கு ஆள் எடுக்கும் முன்பே தையல்நாயகியின் படிப்பு நின்றுபோனது. அதன் பிறகு எந்த அணியிலும் அவள் பெயர் இருந்ததில்லை. அடுத்த வருடம் இளையவர்கள் வந்துவிடுவார்கள். இந்த முறை விட்டால் அவ்வளவுதான்.

ஆட்ட நாளன்று இருவரும் பந்தை மாறி மாறி அடித்துச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். குளிர்ந்த பந்து எழும்பாது.

“அக்கா, முழங்காலுக்குத் தைலம் போட்டாச்சா?” என்றாள் ரெஜினா.

“உனக்கும் சேர்த்துக் கொண்டு வந்திருக்கேன்டி.”

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு எபனேசர் உள்ளே வந்தார்.

“ரெஜினா, பந்தை இடது பின் மூலைக்கே போடுங்க. அக்காவால அங்க ஒழுங்கா எடுக்க முடியாது.”

பந்து உருண்டுபோய்ச் சுவரோரம் நின்றது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

“மாஸ்டர்... அக்கா முன்னாடியே சொல்றீங்களே!” என்றாள் ரெஜினா.

“அவங்களுக்குத் தெரியாம சொன்னாதான் தப்பு.”

தையல்நாயகி எபனேசரை ஏறிட்டுப் பார்த்தாள். போன வாரம் அவள் வீட்டில் உட்கார்ந்து ஆப்பம் சாப்பிட்ட மனிதர்.

“அப்போ இவளோட குறையை எனக்குச் சொல்லுங்க மாஸ்டர். அதுதானே நியாயம்?”

“அவங்க என்கிட்ட கத்துக்க வரலையே அக்கா.”

கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார்.

ரெஜினா நல்லவள்தான். ஆனால் மதுரை அவளுக்கும் வேண்டியிருந்தது. பந்து இடது பின் மூலைக்குப் போனது. மறுபடியும் அங்கேயே போனது. தையல்நாயகி திரும்பித் திரும்பிக் கண்ணாடியில் அடித்தாள். வெளியே கை தட்டினார்கள். முதல் ஆட்டம் போய்விட்டது.

“தண்ணி குடிங்க அக்கா” என்று எபனேசர் பாட்டிலை நீட்டினார்.

“உங்க கையால வேண்டாம்.”

இரண்டாவது ஆட்டத்தில்தான் அதைப் பார்த்தாள். அவள் கண்ணாடியில் அடிக்கும்போது ரெஜினா ஓடுவதே இல்லை. நடு இடத்தில் நின்றுகொண்டு, பந்து வரட்டும் என்று காத்திருக்கிறாள்.

தையல்நாயகி திரும்புவதை நிறுத்தினாள். முழங்காலை மடக்கித் தாழ்ந்து, கையைக் குறுக்கே இழுத்தாள். மட்டை சுவரில் மோதியது. அடுத்த பந்தைத் தவறவிட்டாள். ஆனால் அதே மூலைக்குத்தான் பந்து வந்துகொண்டே இருந்ததே. ஒரு பந்து அகப்பட்டது. இடது சுவரை ஒட்டியே முன்னால் போய், ஒட்டியே திரும்பி வந்தது. யாரும் கை தட்டவில்லை. ரெஜினா ஓடினாள்.

அந்த ஆட்டமும் போனது. ஆனால் மூன்றாவது ஆட்டத்தைத் தையல்நாயகி ஜெயித்தாள்.

“என்ன சாப்பிட்டுட்டு வந்தீங்க அக்கா?” ரெஜினாவுக்கு மூச்சு வாங்கியது.

நான்காவது ஆட்டத்தில் பந்து வேறு பக்கம் போனது. வலது பக்கம், முன்சுவருக்குப் பக்கத்தில், மெதுவாக. தையல்நாயகி ஓடினாள். எட்டவில்லை. மறுபடியும் ஓடினாள். கடைசிப் பந்து வலது முன் மூலையில் விழுந்து எழும்பாமலே நின்றது.

ரெஜினா வந்து கட்டிக்கொண்டாள். தையல்நாயகி மரம் போல நின்றாள்.

வெளியே எபனேசர் நின்றிருந்தார். அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

“இப்போ திருப்தியா மாஸ்டர்? என் இடத்தை எடுத்து அவ கையில குடுத்துட்டீங்க. எங்க அடிச்சா நான் விழுவேன்னு காட்டியும் குடுத்தீங்க. உங்களை நம்பித்தானே வந்தேன்? எனக்கு ஏன் இப்படிப் பண்ணுனீங்க?”

“கடைசிப் பந்து எந்தப் பக்கம் விழுந்துச்சு அக்கா?”

“வலது பக்கம். முன்னால.”

“அதுக்கு முந்தினது?”

“அதுவும் அங்கதான். அதுக்கென்ன இப்போ?”

“இடது பின் மூலைக்குத்தானே போடச் சொன்னேன்” என்றார் எபனேசர். “ரெஜினா ஏன் பாதியிலேயே என் பேச்சைக் கேக்கலை?”

“அங்க போட்டா நான்தான் எடுத்துடுறேனே” என்ற தையல்நாயகி, கண்ணாடி வழியாக அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.