பட்டாணிக்குக் காது அடைத்தபோது

உடம்புக்குள் இருப்பவையெல்லாம் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், காரி என்ற பையனின் தலைக்குள் இரண்டு பேர் குடியிருந்தார்கள். மூளையின் அடியில் தமுக்கு வைத்திருந்தவள் கொட்டுக்காரி. அவளுக்கு நேர் கீழே, மூக்குக்குப் பின்னால் ஓர் எலும்புக் குழியில் உட்கார்ந்திருந்தது பட்டாணி. இன்று படித்தவர்கள் பிட்யூட்டரி என்கிறார்களே, அதுதான்.

கொட்டுக்காரி ஒரு தட்டுத் தட்டினால் பட்டாணி ஒரு துளி சுரந்து ரத்தத்தில் விடும். அது கீழே போய், அடிவயிற்றுக்கும் கீழே குடியிருந்த கீழூர்க்காரர்களை எழுப்பும். குரலை உடைத்துப் பையனை ஆளாக்கும் தங்கள் சாற்றை அவர்கள் மேலே அனுப்புவார்கள். காரி சின்னவனாக இருந்தவரை, அந்தச் சாற்றின் வாடை லேசாக வந்தாலே கொட்டுக்காரி மிரண்டு குச்சியைப் போட்டுவிடுவாள்.

"போதும்டா பட்டாணி, புள்ள சின்னப் புள்ள!"

காரியின் ஊரில் ஒரு வழக்கம். மழைக்கு முன் மாட்டு மந்தை மலையேறும். கூடப் போக ஆசைப்படுகிறவன் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் நின்று கூவ வேண்டும். அந்தப் பக்கம் கட்டியிருக்கும் நாய் குரைத்தால் போகலாம். குரைக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம் கன்றுக்குட்டிகளோடு ஊரில் கிடக்க வேண்டியதுதான். கூட விளையாடிய சேக்காளிகள் எல்லாரும் போன வருஷமே போய்விட்டார்கள். காரிக்கோ இன்னும் கீச்சுக்குரல்.

கூவும் நாளுக்கு ஏழு நாள் இருந்தது. அவன் தன் தலையைத் தானே தட்டினான்.

"யக்கா, தூங்குறியா? நிறுத்தாம அடி. ஏழு நாள்ல எனக்குக் குரல் உடையணும்."

"விட்டு விட்டுத்தான்டா அடிப்பேன். அதுதான் என் கைப்பழக்கம்."

"என் தலைக்குள்ள இருந்துக்கிட்டு எனக்கே சட்டம் சொல்றியா? அடிங்கிறேன்!"

உடம்புக்காரன் சொல்லை மீறுவது அப்போது கிடையாது. கொட்டுக்காரி இரவும் பகலும் அடித்தாள். பட்டாணி தலைகால் புரியாமல் சுரந்தது. மறுநாளே காரியின் மூக்கில் ஒரு பரு. குரலில் கொஞ்சம் கரகரப்பு.

"அப்படித்தான் யக்கா, விடாதே!"

மூன்றாம் நாள் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே பட்டாணிக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரே இரைச்சல். பிறகு இரைச்சலும் இல்லை.

நிறுத்திவிட்டாளோ என்று பட்டாணி நிமிர்ந்து பார்த்தது. அவள் கை ஓயவில்லை. தமுக்கின் தோல் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது.

காது கேட்காவிட்டால் சுரக்க முடியாது. சுரக்காவிட்டால் கீழூர் எழாது. இந்தப் பையன் கீச்சுக்குரலோடே கிழவனாகிவிடுவான். தன்னைத்தானே பிழிந்து பார்த்தது. ஒரு துளி வரவில்லை. கீழூரிலிருந்து வந்துகொண்டிருந்த வாடையும் நின்றது. வந்த கரகரப்பும் போனது.

"இன்னும் வேகமா அடி!" என்று கத்தினான் காரி.

கூவும் நாளுக்கு முந்தின இரவு, கத்திக் கத்தி ஓய்ந்து அவன் தூங்கிப்போனான். இத்தனை நாள் ஓயாமல் அடித்த கொட்டுக்காரியும் அசந்துபோய், கையிலிருந்து குச்சி நழுவியது. நெடுநேரம் எங்கும் அசைவில்லை. பட்டாணி இருட்டில் குறுகிக் கிடந்தது. பிறகு அவள் பயந்து பயந்து ஒரே ஒரு தட்டுத் தட்டினாள்.

டொம்.

"யக்கா! கேட்டுச்சு!"

"உஷ்! எழுந்துக்கப் போறான்."

அடுத்தது கேட்குமா? பட்டாணி மூச்சை அடக்கிக் காத்திருந்தது. டொம். ஒரு துளி சுரந்தது.

"நடுவுல சும்மா இருக்கியே யக்கா, அதுலதான் என் காது திறக்குது."

"முழிச்சிருந்தா அவன் சும்மா இருக்க விடமாட்டானேடா."

"அவன் தூங்குறப்ப அடி. பகல்ல கூப்பிட்டா வாயே திறக்காதே. கொஞ்சம் வாடை வந்துச்சுன்னு குச்சியையும் போட்டுடாதே."

மறுநாள் காரி கூவினான். நாய் காதைச் சொறிந்துகொண்டது.

"கன்னுக்குட்டிகூட இதைவிடச் சத்தமா கத்தும்டா!" என்று சேக்காளிகள் சிரித்தார்கள்.

காரி தலையில் அடித்து அடித்துக் கூப்பிட்டான். உள்ளே இருவரும் வாயை மூடியிருந்தார்கள். அவன் அழுதுகொண்டே தூங்கினான். டொம் என்றது தமுக்கு.

இரவு தவறாமல் அப்படி நடந்தது. மாதங்கள் போகப்போக, அவனுக்குத் தெரியாமல் பகலிலும். அடுத்த வருஷம் காரி உடைந்த குரலில் கூவியபோது, நாய் குரைத்த குரைப்பில் கயிறு அறுந்தது.

அன்று மூடிய வாயை உள்ளே இருப்பவர்கள் இன்றுவரை திறக்கவில்லை. அன்று முதல்தான் பிள்ளைகள் பெரியவர்களாவது முதலில் தூக்கத்தில் தொடங்குகிறது. யார் எவ்வளவு அவசரப்பட்டாலும், விட்டு விட்டுத்தான்.