பக்கம் பிடித்த நண்டு

நண்டுக்கும் மனுஷருக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், நண்டு நேராகத்தான் நடக்கும். கண்களும் முகத்தோடு ஒட்டியே இருக்கும். அப்போது ஆற்றுமுகத்துச் சேற்றில் கொடுக்கன் என்றொரு நண்டு இருந்தான். பலத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவன் நினைப்பு. அந்த நினைப்பையும் சகித்துக்கொண்டு குடித்தனம் நடத்தியவள் அவன் பெண்டாட்டி செம்பி.

ஒரு மார்கழிக் காலையில், கரையோரம் குடியிருந்த பேராச்சி அவர்கள் வளைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவள் தங்கைக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஊதக்காற்றில் அதன் உடம்பு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, பொழுது அடையுததுக்குள்ள பஞ்சு வச்சு ஒரு போர்வை தைக்கணும். இன்னைக்குப் பனியைப் பிள்ளை தாங்காது. ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கிடுங்க."

குடிசைக்குள் இடமில்லாததால் ஆற்றோர மணலில் சட்டம் போட்டாள். கற்களின் மேல் இரண்டு மூங்கில். இரண்டு பழஞ்சேலைகளுக்கு நடுவே இலவம்பஞ்சைப் பரப்பி, தலைப்பக்கத்தை ஒரு மூங்கிலிலும் கால்பக்கத்தை மறு மூங்கிலிலும் கட்டினாள். இடமும் வலமும் மட்டும் தொய்ந்து கிடந்தன. தையல் ஓடும் இடத்தில் அவற்றை ஒரே அளவாக இழுத்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சு ஒரு பக்கமாகப் போய்க் குவிந்துவிடும்.

வலப்பக்கம் கொடுக்கன், இடப்பக்கம் செம்பி. கொடுக்கன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான். குனிந்த தலை நிமிராமல் தைத்த பேராச்சி உச்சிவேளையில்தான் பார்த்தாள். தையல் கோணிப்போயிருந்தது. பஞ்செல்லாம் வலப்பக்கம் சேர்ந்து, இடப்பக்கம் வெறும் துணியாகக் கிடந்தது.

அவள் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். குடிசைக்குள் குழந்தை மெலிசாக முனகிவிட்டு ஓய்ந்தது.

"யக்கா, நான் பலமாத்தானே பிடிச்சேன்?"

"அதாம்லே தப்பு. அவ பிடிக்கிற அளவுக்கு நீ பிடி."

"நான் இங்க இழுபட்டுக் கிடக்கேன்" என்றாள் செம்பி. "ஒரு தடவையாவது இந்தப் பக்கம் பாத்தீரா?"

"துணி மறைக்குதுட்டீ."

"கண்ணைத் தூக்கிப் பாரும்!"

கொடுக்கன் முக்கி முனகி, கண்களைத் துணிக்கு மேலே தூக்கினான். எதிரே செம்பியின் கால்கள் மணலை உழுதிருந்தன. அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினான். அவள் இறுக்கினால் இறுக்கினான், விட்டுக்கொடுத்தால் விட்டுக்கொடுத்தான்.

தையல் நகர நகர, பிடியும் விளிம்போடு நகர வேண்டும். நடக்கத் திரும்பினால் அவள் கண்ணில் படமாட்டாள். அதனால் அவன் திரும்பவில்லை. முகத்தை அவளுக்கு நேரே வைத்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் எடுத்து வைத்தான். இரண்டு முறை குப்புற விழுந்தான். செம்பியும் அப்படியே அடி வைத்தாள், அவளும் விழுந்தாள்.

சாயங்காலம் கடல் ஏறி, ஆற்றுமுகத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அரைப் போர்வை பாக்கி இருந்தது. நீரோட்டம் இருவர் கால்களையும் வாரியது.

"விட்டுட்டு ஓடுங்க, தண்ணி அடிச்சிட்டுப் போயிரும்!" என்று பேராச்சி கத்தினாள்.

"நீ தையிக்கா. அவ விட்டா நான் விடுதேன்."

"நான் விட்டாத்தானே!" என்றாள் செம்பி.

தண்ணீர் இருவர் வாயையும் மூடியது. நான்கு கண்கள் மட்டும் மேலே நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. போர்வையை வெள்ளம் தொட நாலு விரல் இருந்தபோது பேராச்சி கடைசி முடிச்சைப் போட்டு, அதை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

விடிந்ததும் குழந்தை வீறிட்டு அழுத சத்தம் ஆற்றங்கரை வரை கேட்டது. செம்பி அழுதேவிட்டாள். வளைக்குத் திரும்பலாமென்று இருவரும் காலெடுத்து வைத்தார்கள். கால் நேராகப் போகவில்லை. தூக்கிய கண்ணும் இறங்கவில்லை.

நண்டு பக்கவாட்டில் நடக்கிறதே, அது அன்று பழகிய நடைதான். தனியாகப் போகும்போதுகூட, மறுபக்கம் பிடித்திருப்பவளைப் பார்த்துக்கொண்டுதான் அது போகிறது.