கரண்டு குடித்த கிரைண்டர்

கரண்டு கட்டணம் ஏறினாலும் ஏறியது, கோவில்பட்டியில் மாவுக் கடை வைத்திருக்கும் பேச்சித்தாய்க்கு வந்த பில், அவள் இட்லி மாவுக்குப் பதில் இரும்பை அரைத்ததுபோல் இருந்தது. கட்டடத்துக்காரர் சங்கரபாண்டி அண்ணாச்சியிடம், "வயரிங்கை ஒருதரம் பாருங்க" என்றாள்.

மாடியில் குடியிருந்த அண்ணாச்சி வேட்டி சரசரக்க இறங்கி வந்தார். தெருவே கூடிவிட்டது.

"என் கட்டடத்துல குத்தமா? எல்லாம் உன் ஓட்டை கிரைண்டர் பண்ற வேலை! புதுசு வாங்கு, இல்லாட்டி கடையைக் காலி பண்ணு."

"கிரைண்டரை நிறுத்தித்தான் வச்சிருக்கேன் அண்ணாச்சி. லைட்டு, ஃபேன்கூடப் போடல. ஆனாலும் மீட்டர் ஓடுதே?"

அண்ணாச்சி கனைத்துக்கொண்டார். "பழைய கிரைண்டர் அப்படித்தான். சும்மா கெடந்தாலும் கரண்டு குடிக்கும்."

"அய்யோ, இத்தனை நாள் தெரியாமப் போச்சே! ஃபியூசைப் பிடுங்கினா குடிக்காதுல்லா?"

"பிடுங்கின பிறகு எப்படிக் குடிக்கும்?"

பேச்சித்தாய் சட்டென்று ஃபியூசைப் பிடுங்கினாள். மீட்டர் நின்றது. மாடி ஜன்னல் திறந்தது. அண்ணாச்சியின் மனைவி தூக்கம் கலைந்த முகத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, நம்ம ஏசி நின்னுட்டு!"

பேச்சித்தாய் அண்ணாந்து பார்த்தாள். "கொஞ்சம் பொறுங்க மதினி. கிரைண்டரோட குடியை அண்ணாச்சி இப்பத்தான் நிறுத்தியிருக்காங்க."

தெரு சிரித்த சிரிப்பில், அன்று சாயங்காலமே ஏசி வயர் மாடி மீட்டருக்குப் போய்விட்டது. மற்ற கடைகளெல்லாம் விலையை ஏற்றிய அந்த மாதம், பழைய கிரைண்டரில் அரைத்த மாவு மட்டும் பழைய விலைக்கே விற்றது.